ஒலிவாய் எண் பூஜ்யம்

லியெபாயாவில் காற்றும் ஒரு குடித்தனக்காரன்.
வாடகை தராமல்
இரவெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவான்.

நான் நீதிமன்ற ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குகிறவள்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
இருமலை எழுத வேண்டாம்.
அழுகைக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் போதும்.

எஃப்-2 குறைக்க, எஃப்-3 கூட்ட.
இலையுதிர் காலத்திலிருந்து இரண்டுக்கும் வேலையில்லை.
அழுத்தினால் திரை மூலையில் பட்டை ஏறும்,
நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து.
காதுக்கோ ஒரு மாற்றமும் இல்லை.
மனுவை வாங்கி
முத்திரை குத்தி
அலமாரியில் வைத்துப் பூட்டுகிற
அதே மரியாதை.

இந்த வாரம்
புகையிட்ட மீன் டப்பாக்கள் நாலாயிரம்
காணாமல்போன வழக்கு.
ஆலையின் கணக்காளர் திருமதி வெல்ட்ரே
பஞ்சுக்குள் வைத்துப் பேசுகிறார்.
மவுஸை எடுத்து, மூலைக்குப் போய், சத்தத்தை இழுத்து
திரும்பி வருவதற்குள்
வாக்கியம் தெரு தாண்டிவிடுகிறது.
பதினோரு இடத்தில் "கேட்கவில்லை" என்று போட்டேன்.
ஓரிடத்தில், அலுப்பில், "மௌனம்".

நேற்றிரவு பன்னிரண்டரைக்கு
இதற்கு ஒரு முடிவு கட்ட உட்கார்ந்தேன்.
எந்த விசைக்கு எந்த எண் என்று காட்டும்
சின்னச் சாளரத்தைத் திறந்து
எஃப்-2 அழுத்தினேன்: 122.
எஃப்-3: 123.
பாவம், விசைகள் ஒழுங்காகத்தான் கூப்பிட்டிருக்கின்றன.
யாரை?

லினக்ஸ் போட்டுத் தந்தவன் தம்பி இல்க்வார்ஸ்.
அவன் எழுதிய கோப்பின் முதல் வரி:
"தொடாதே. சொன்னால் கேள்."
அறுபதாவது வரியில் இருந்தது.
எஃப்-3 அழுத்தினால்
ஒலிவாய் எண் பூஜ்யத்துக்கு ஐந்து சதவீதம் கூட்டு.

டெர்மினலில் பட்டியல் கேட்டேன்.
எண் ஒன்று, இந்த லேப்டாப்பின் ஸ்பீக்கர்.
எண் பூஜ்யம், அவனுடைய மானிட்டர்.
அதைப் போர்வையில் சுற்றி வேனில் ஏற்றி
அயர்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டான் செப்டம்பரில்.
நானோ டிசம்பர்வரை
அதற்கு ஐந்தைந்தாய்க் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எண்ணை அழித்தேன்.
அங்கே ஒரு சொல் எழுதலாமாம்,
இப்போது எது பேசுகிறதோ அது, என்று பொருள்படும் சொல்.
முதல் தடவை ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன்.
பட்டையும் போயிற்று.
இரண்டாம் தடவை
கோபத்தில் ஏழெட்டு முறை அழுத்த
நூறைத் தாண்டியும் ஏறும் என்று யார் கண்டது!
நீதிபதி தொண்டையைச் செருமியது
இடியாய் இறங்கியது சமையலறைக்குள்.
கீழ்வீட்டு ஸ்கைட்ரீட்டே
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினாள், மூன்று தட்டு.
நூறுக்கு மேல் போகாதபடி
இன்னொரு வரி சேர்த்தேன்.

இல்க்வார்ஸுக்குச் செய்தி அனுப்பினேன்:
"மூன்று மாதமாய் உன் மானிட்டருக்குத்தான் சத்தம் கூட்டினேன்,
ஏதாவது கேட்டதா?"
உடனே பதில். அவனும் தூங்கவில்லை போல.
"அதை வந்த வாரமே விற்றுவிட்டேன்.
கோப்பைத் தொட்டாயா?"

பிறகு பதிவின் தொடக்கத்துக்குப் போனேன்.
பதினோரு "கேட்கவில்லை"யில்
ஒன்பது, எவ்வளவு கூட்டியும் காற்றுதான்.
ஒன்று, ஒரு தேதி.
ஒன்று, ஒரு பெயர்; அதை இங்கே சொல்லக் கூடாது.

நாற்பத்தோராம் நிமிடம்.
"டப்பாக்களை எண்ணியது யார்?" என்கிறார் வழக்கறிஞர்.
நான் "மௌனம்" என்று எழுதிய இடம்.
எஃப்-3. எஃப்-3. இன்னும் ஒன்று.

"அந்த ஜன்னலைக் கொஞ்சம் மூடலாமா?
நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை."

"மௌனம்" என்பதை அழித்து
இரண்டு வாக்கியத்தையும் அப்படியே அடித்தேன்.
அடுத்த கேள்விக்குப் போய்விட்டார் வழக்கறிஞர்.
பதிவு முடியும்வரை கேட்டேன்.
நாற்காலி நகரவில்லை, தாழ்ப்பாள் விழவில்லை.
கடைசி நொடிவரை காற்று.